பெயில் கிடைச்சதுக்கும் தம்பி வீட்டுக்கு வந்ததுக்கும் நடுவுல ஏழு நாள்

புதன்கிழமை மத்தியானம் மூணேகாலுக்கு வக்கீல் போன் பண்ணி "பெயில் ஆயிருச்சும்மா"ன்னு சொன்னார். மண்டியில கணக்கு நோட்டை அப்படியே மூடி வெச்சுட்டு ஓடிப்போய் அம்மாகிட்ட சொன்னேன். அம்மா அப்பவே அரிசி ஊறப் போட்டுட்டாங்க, ராத்திரி தம்பிக்கு தோசை ஊத்தணும்னு. தம்பி வீட்டுக்கு வந்தது அதுக்கு அடுத்த புதன்கிழமை. அந்த ஏழு நாளைப் பத்திதான் இத எழுதறேன், ஏன்னா பெயில் வாங்கறது எப்படின்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, பெயில் ஆர்டர் வந்ததுக்கு அப்புறம் என்ன பண்ணணும்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல.

முதல்ல நடந்தத சொல்லிடறேன். தம்பி குட்டி யானை ஓட்டறான், காய்கறி லோடு. சந்துக்குள்ள வண்டிய நிறுத்தறதுல பக்கத்து வீட்டுக்காரரோட ஆறு மாசமா தகராறு. ஒரு சனிக்கிழமை ராத்திரி வாய்ச்சண்டை முத்தி இவன் வண்டியில கிடந்த ஜாக்கி லிவர எடுத்து அடிச்சுட்டான், அவருக்கு முழங்கையில நாலு தையல். தம்பி பண்ணது தப்பு, அதுல நான் அவனுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். எஃப்ஐஆர்ல 296 பி, 115(2), 118(1), 351(3) போட்டாங்க. இதுல 118(1)தான் சிக்கல், கம்பி கத்தி மாதிரி ஆயுதத்தால காயப்படுத்தறது, புது சட்டப்படி (ஐபிசிக்கு பதிலா வந்தது பிஎன்எஸ், சிஆர்பிசிக்கு பதிலா வந்தது பிஎன்எஸ்எஸ்) ஸ்டேஷன்லயே ஜாமீன்ல விட முடியாத பிரிவு, கோர்ட்தான் முடிவு பண்ணணும். மத்தது மட்டும் இருந்திருந்தா ஸ்டேஷன் பெயில்லயே முடிஞ்சிருக்கும்னு வக்கீல் சொன்னார். ஜாமீன்ல விடக்கூடிய குற்றம்னா ஜாமீன் உங்க உரிமை, ஸ்டேஷன்லயே விட்டாகணும், கெஞ்ச வேண்டியதில்ல. இன்னொன்னும் பின்னாடிதான் தெரிஞ்சுது, 7 வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கற குற்றங்கள்ல எடுத்த எடுப்புலயே கைது பண்ணக்கூடாது, கைது ஏன் தேவைன்னு போலீஸ் காரணம் எழுதணும், தேவையில்லன்னா நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு கூப்பிடணும்னு 2014லயே சுப்ரீம் கோர்ட் அர்னேஷ் குமார் வழக்குல சொல்லியிருக்கு. 118(1)க்கு அதிகபட்சமே 3 வருஷம்தான். ஸ்டேஷன் வாசல்ல நின்னப்ப இது தெரிஞ்சிருந்தா ஒரு வக்கீலயாவது அந்த ராத்திரியே கூட்டிட்டு போயிருப்போம். நாங்க கவுன்சிலர தேடிட்டு திரிஞ்சோம்.

ஞாயிறு காலைல ஜிஹெச்ல மெடிக்கல் செக்கப், அப்புறம் மாஜிஸ்திரேட் வீட்டுலயே ஆஜர்படுத்தி 15 நாள் ரிமாண்ட். திங்கக்கிழமை பெயில் மனு போட்டோம், புதன்கிழமை தள்ளுபடி. காரணம், அடிபட்டவர் இன்னும் ஆஸ்பத்திரியில படுத்திருக்கார். எங்க பக்கம் அடிதடி கேஸ்ல இது ஒரு எழுதாத விதி மாதிரி, அரசு வக்கீல் எந்திரிச்சு "காயம்பட்டவர் இன்னும் டிஸ்சார்ஜ் ஆகலை"ன்னு ஒரு வார்த்தை சொன்னா மனு அவ்வளவுதான். அதனால மனு போடற தேதிய விட அவர் டிஸ்சார்ஜ் ஆகற தேதி முக்கியம். வியாழக்கிழமை செஷன்ஸ் கோர்ட்ல போட்டோம், அதுக்குள்ள அவரும் வீட்டுக்கு வந்துட்டார், அடுத்த புதன்கிழமை ஆர்டர். ரிமாண்ட் ஆன நாள்ல இருந்து எண்ணினா பதினோராவது நாள்.

ஆர்டர்ல என்ன எழுதியிருந்துச்சுன்னா, எதிரி (கோர்ட் பாஷையில குற்றம் சாட்டப்பட்டவர், அதாவது தம்பி) 10,000 ரூபாய்க்கு சொந்தப் பிணையும், அதே தொகைக்கு ரெண்டு ஜாமீன்தாரும் கொடுக்கணும், அதுல ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும், ஜாமீன்தாருங்க போட்டோ ஒட்டி இடது கட்டைவிரல் ரேகை வைக்கணும், அடையாளத்துக்கு ஆதார் இல்லன்னா பேங்க் பாஸ்புக் காப்பி கொடுக்கணும், வெளிய வந்ததும் தினமும் காலைல பத்தரைக்கு ஸ்டேஷன்ல கையெழுத்து போடணும், மறு உத்தரவு வரைக்கும். ஓடிப்போனா அதுக்கு தனியா ஒரு எஃப்ஐஆர், பிஎன்எஸ் 269.

இந்த 10,000ங்கற நம்பர பார்த்ததும் எங்க வீட்டுல எல்லாரும் பணத்தை தேடினாங்க. மாமா அவர் பங்குக்கு ஒரு பவுன் செயினை அடகு வெச்சு மொத்தமா 30,000 கொண்டு வந்துட்டார், தம்பிக்கு பத்து, ஜாமீன்தாருக்கு பத்து பத்துன்னு அவரே கணக்கு போட்டு. இங்கதான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கறோம், அந்தப் பணத்தை யாரும் கட்ட வேண்டாம். அது ஒரு வாக்குறுதி, இவன் வாய்தாவுக்கு வராம ஓடிட்டா நான் 10,000 கட்டறேன்னு ஜாமீன்தார் எழுதிக் கொடுக்கற பத்திரம். வந்துக்கிட்டே இருந்தா கேஸ் முடியற வரைக்கும் அஞ்சு பைசா கிடையாது. இங்கிலீஷ் படத்துல வர்ற மாதிரி பணத்தை கட்டி கூட்டிட்டு வர்றது அமெரிக்கா கதை, அங்க பாண்டு கம்பெனின்னே தனியா இருக்கு, பெயில் தொகையில பொதுவா 10 சதவீதத்தை கட்டணமா வாங்கிக்கிட்டு மீதிக்கு அவன் கோர்ட்ல பொறுப்பேத்துக்குவான், அந்த 10 சதவீதம் திரும்பி வராது. அந்த ஊர்லயே இல்லினாய், கென்டக்கி, ஓரிகான், விஸ்கான்சின்ல அந்த வியாபாரம் கிடையாது. உலகத்துல அமெரிக்காவையும் பிலிப்பைன்ஸையும் தவிர கிட்டத்தட்ட வேற எங்கயும் இத ஒரு தொழிலா நடத்த விடல. நம்ம ஊர்ல கம்பெனியும் இல்ல, 10 சதவீதமும் இல்ல, மனுஷன்தான் வேணும். மாமா செயினை மறுநாளே மீட்டுட்டு வந்தார், ஒரு நாள் வட்டி தண்டம்.

பணமா கட்டறதுக்கும் சட்டத்துல வழி இருக்கு, பிஎன்எஸ்எஸ் 490, ஜாமீன்தாருக்கு பதிலா டெபாசிட் கட்ட கோர்ட் அனுமதிக்கலாம், கேஸ் ஒழுங்கா நடந்து முடிஞ்சா அது திரும்பி வரும். ஆனா கோர்ட் அனுமதிச்சாதான். எங்க வக்கீல் கேட்டுப் பார்க்கவே இல்ல, "இங்க அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்கம்மா"ன்னு முடிச்சுட்டார். அது உண்மையா சோம்பலான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் சந்தேகம்தான்.

வியாழக்கிழமை ஆர்டர் காப்பி கைக்கு வர சாயங்காலம் ஆயிருச்சு. அன்னிக்கு முழுக்க நான் ஜாமீன்தார் தேடினேன். சின்ன வயசுல இருந்து தம்பிய தோள்ல தூக்கி வளர்த்த சித்தப்பா "பாப்பாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருக்கோம்மா, இந்த நேரத்துல கோர்ட்ல என் பேரு வேண்டாம்"னார். கோபம் வந்துச்சு, ஆனா அவர் சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சு. எதிர்வீட்டு வாத்தியார், அரசு சம்பளம் வாங்கறவர், அவரோட சம்பளச் சான்றே போதும், வேற எதுவும் வேண்டாம், ஆனா டிபார்ட்மெண்ட்ல சொல்லணுமோன்னு பயந்தார். நாலாவதா கேட்டது பெரியப்பாவ, கொத்தனார் வேலை பார்க்கறவர். "எத்தனை மணிக்கு வரணும்?"னு மட்டும் கேட்டார். ரெண்டாவது ஆள் எங்க தெரு முனையில இட்லிக்கடை போடற அத்தை, சொந்தம் எல்லாம் கிடையாது, அம்மாவோட ஏலச்சீட்டு போடறவங்க, ஒத்த ரூம் வீடு அவங்க பேர்ல இருக்கு. நான் கேட்கவே இல்ல, அவங்களா வந்து "என் பேர்ல வீட்டு வரி ரசீது இருக்கு புள்ள, அது ஆகுமா?"ன்னாங்க. பொம்பளைங்க ஜாமீன் நிக்கக்கூடாதுன்னு எங்க தெருவுல ஒரு பெரியவர் சட்டம் பேசினார், அதெல்லாம் சும்மா, தாராளமா நிக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலைல கார் பிடிச்சு ரெண்டு பேரையும் கூட்டிட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு போனோம். ஆர்டர் போட்டது செஷன்ஸ் கோர்ட்டா இருந்தாலும் ஜாமீன்தார கொடுக்க வேண்டியது கேஸ் இருக்கற மாஜிஸ்திரேட் கோர்ட்ல, இத தெரியாம செஷன்ஸ் கோர்ட் வாசல்ல போய் நிக்கறவங்க நிறைய. அத்தையோட பேப்பர் சரியா இருந்துச்சு. பெரியப்பா ஒரு மஞ்சப்பையில இருந்து வீட்டு வரி ரசீத எடுத்தார், நாலா மடிச்சு மடிச்சு மடிப்புல கிழிஞ்சு போன ரசீது. க்ளார்க் விரிச்சு பார்த்துட்டு பேரை படிச்சார். அது எங்க தாத்தா பேரு. தாத்தா செத்து 14 வருஷம் ஆச்சு, வருஷா வருஷம் வரி கட்டறது பெரியப்பாதான், ஆனா ரசீதுல தாத்தாவே உயிரோட இருக்கார். "செத்தவர் ஜாமீன் நிக்க முடியாதுய்யா"ன்னு க்ளார்க் சிரிக்காம சொன்னார். அவ்வளவுதான், அன்னிக்கு முடிஞ்சுது. அடுத்தது சனி, ஞாயிறு.

இந்த ஒரு விஷயத்துக்காக எனக்கு எங்க வக்கீல் மேல வருத்தம் இருக்கு. மனு போட்ட அன்னிக்கே "யாரு ஜாமீன், அவங்க பேப்பர கொண்டுவந்து காட்டுங்க"ன்னு அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா பெயில் வர்றதுக்கு முன்னாடி இருந்த பத்து நாள்ல எல்லாம் சரி பண்ணியிருக்கலாம். பெயில் மனு போடும்போதே ஜாமீன்தார் பேப்பர தயார் பண்ணிடுங்க, ஆர்டருக்கு காத்திருக்காதீங்க. நடப்பு வருஷ வீட்டு வரி ரசீது அவங்கவங்க பேர்லயே இருக்கான்னு பாருங்க, ஆதார்ல இருக்கற பேரும் ரசீதுல இருக்கற பேரும் இனிஷியலோட ஒத்துப் போகுதான்னு பாருங்க (அத்தைக்கு ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியல், ரசீதுல அப்பா இனிஷியல், ரேஷன் கார்டை காட்டித்தான் சமாளிச்சோம்), போட்டோ ஆளுக்கு நாலு எடுத்து வெச்சுக்கோங்க. சில கோர்ட்ல தாசில்தார் கொடுக்கற சொத்து மதிப்புச் சான்று கேட்பாங்க, சால்வன்சின்னு சொல்வாங்க, அது இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சு வர்றதுக்கு நாளாகும். எந்த கோர்ட்ல என்ன கேட்பாங்கன்னு அந்த கோர்ட் க்ளார்க்குக்குத்தான் சரியா தெரியும், முந்தின நாளே போய் கேட்டுடறது நல்லது.

வெள்ளிக்கிழமை நாங்க மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டு வெளிய வந்தப்ப டீக்கடை ஓரமா ஒருத்தர் வந்தார், வெள்ளை சட்டை, கக்கத்துல ஃபைல். "ரெண்டு சூரிட்டி, 6,000, பேப்பர் பக்காவா இருக்கும், இன்னிக்கு சாயங்காலமே ஆள் வெளிய"ன்னார். நிஜத்த சொல்றேன், எனக்கு ஆசை வந்துச்சு. தம்பி உள்ள இருக்கான், ரெண்டு நாள் லீவு வருது, 6,000தானே. பெரியப்பாதான் என் கைய பிடிச்சு இழுத்துட்டு போனார். வக்கீல்கிட்ட சொன்னப்ப அவர் விளக்கினார், ஒவ்வொரு ஜாமீன்தாரும் தான் இதுவரைக்கும் எத்தனை பேருக்கு ஜாமீன் நின்னிருக்கேன்னு கோர்ட்ல எழுதிக் கொடுக்கணும், பிஎன்எஸ்எஸ் 486, இந்த ஆளுங்க அதுல பொய் எழுதுவாங்க, ரசீதும் போலியா இருக்கும், மாட்டினா அவங்க மேல கேஸ், கூடவே பெயிலும் ரத்தாகலாம், தம்பி மறுபடியும் உள்ள போவான். காசு வாங்கிட்டு ஜாமீன் நிக்கற ஏற்பாடே சட்டப்படி செல்லாத ஒப்பந்தம். அதுவும் போக அந்த வெள்ளை சட்டைக்காரர் தம்பி ஓடினா தேடவா போறார், கோர்ட் ஜாமீன் கேட்கறதே அந்த தேடறவன் ஒருத்தன் இருக்கணும்னுதானே.

அந்த ரெண்டு நாள்ல பெரியப்பா பேர்ல வேற என்ன இருக்குன்னு குடைஞ்சோம். ஊர்ல 40 சென்ட் புஞ்சை, அது மட்டும் பாகம் பிரிச்சப்ப பட்டா மாத்தினது, அவர் பேர்லயே இருந்துச்சு. பட்டா சிட்டா அரசு வெப்சைட்லயே எடுத்துட்டேன், செல்போன்ல பத்து நிமிஷம். திங்கக்கிழமை அதுக்கு மதிப்பு எழுதி விஏஓ சான்று வாங்கணும், அதுக்கு ஒரு ஆபீஸ்ல பெரியப்பா காலைல பத்து மணில இருந்து நாலு மணி வரைக்கும் திண்ணையில உட்கார்ந்திருந்தார். 500 ரூபாய் ஒரு கைக்கு போனதுக்கு அப்புறம் அஞ்சு நிமிஷத்துல சீல் விழுந்துச்சு. இத எழுத எனக்கே வெட்கமா இருக்கு, ஆனா கணக்குல அது இருக்கே.

செவ்வாய்க்கிழமை கோர்ட். மத்தியானத்துக்கு மேலதான் கூப்பிட்டாங்க. மாஜிஸ்திரேட் அம்மா ரெண்டு பேரையும் தனித்தனியா கூண்டு பக்கத்துல நிக்க வெச்சு கேட்டாங்க, எதிரி உங்களுக்கு என்ன உறவு, என்ன கேஸ்னு தெரியுமா, எவ்வளவு வருஷமா தெரியும், வாய்தாவுக்கு வராட்டி நீங்க 10,000 கட்டணும் தெரியுமா. அத்தை "தெரியும்மா, நாலு தையல் கேஸ்"ன்னாங்க, பெஞ்ச்ல இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. பெரியப்பா "ஓட மாட்டான்மா, ஓடினா நானே இழுத்துட்டு வருவேன்"னார். இந்த கேள்வியெல்லாம் வரும்னு ஜாமீன்தார்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, அப்பா பேரு, எஃப்ஐஆர்ல இருக்கற ஊரு, ஸ்டேஷன் பேரு இதுல திக்கினா வாடகை ஆளோன்னு சந்தேகப்படுவாங்க.

அப்புறம் ரேகை. அத்தைக்கு ஒரே அமுக்குல விழுந்துருச்சு. பெரியப்பா இடது கட்டைவிரல மை பேட்ல ஒத்தி பத்திரத்துல வெச்சா வெறும் கருப்பு வட்டம், ஒரு கோடு இல்ல. துடைச்சுட்டு மறுபடி வெச்சார், மறுபடியும் வட்டம். முப்பத்தஞ்சு வருஷம் சிமெண்ட் கலவைய கையால அள்ளினவருக்கு ரேகை எங்க இருக்கும். க்ளார்க் அவர் விரல தன் கைல பிடிச்சு திருப்பி பார்த்துட்டு, மைய கொஞ்சமா தொட்டு, விரல பக்கவாட்டுல உருட்டி மூணாவது தடவை வெச்சார், ஓரத்துல நாலஞ்சு கோடு தெரிஞ்சுது. "போதும், இருக்கு"ன்னார். பெரியப்பா அந்த மைய வேட்டியில துடைக்காம வெளிய வந்து மண்ணுல தேய்ச்சார்.

இது முடிய நாலரை. அதுக்கு அப்புறம் ரிலீஸ் ஆர்டர் டைப் ஆகி, கையெழுத்தாகி, 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஜெயிலுக்கு போய் சேரும்போது உள்ள எல்லாரையும் எண்ணி அடைச்சுட்டாங்க. மறுநாள் காலைலதான் விட்டாங்க. அதனால முடிஞ்சா ஜாமீன்தார காலைலயே கொடுக்கப் பாருங்க, சாயங்காலம் கொடுத்தா ஒரு ராத்திரி கூட போகும்.

வந்ததுக்கு அப்புறம் நான் உட்கார்ந்து படிச்சேன், மண்டியில வேலை இல்லாத நேரம் எல்லாம். 1978ல மோத்தி ராம்னு மத்தியப் பிரதேசத்துக்காரர், அவரும் கொத்தனார்தான், அவருக்கு சுப்ரீம் கோர்ட் பெயில் கொடுத்தும் கீழ்க்கோர்ட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டுச்சு, அண்ணன் தம்பி சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு அந்த ஜாமீனையும் தள்ளிருச்சு. நீதிபதி கிருஷ்ணய்யர் அது தப்புன்னு சொல்லி 1,000 ரூபாய் சொந்தப் பிணையில விடச் சொன்னார். அன்னிக்கு 10,000ங்கறது என்ன பணம்னு யோசிச்சுக்கோங்க. 2023 ஜனவரி 31ல சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவா சொல்லியிருக்கு, பெயில் ஆர்டரோட காப்பி ஜெயில் வழியா கைதிக்கு அன்னிக்கோ மறுநாளோ போகணும், 7 நாள்ல ஆள் வெளிய வரலன்னா ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு தெரிவிக்கணும், ஒரு மாசம் ஆகியும் ஜாமீன் கொடுக்க முடியலன்னா கோர்ட்டே நிபந்தனைய தளர்த்தலாமான்னு பார்க்கலாம், உள்ளூர் ஆள்தான் ஜாமீன் நிக்கணும்னு கட்டாயப்படுத்த வேண்டாம்னு யோசனையும் சொல்லியிருக்கு. தொகை அதிகமா இருந்தா குறைக்கச் சொல்லி செஷன்ஸ் கோர்ட்லயோ ஹைகோர்ட்லயோ மனு போடலாம், பிஎன்எஸ்எஸ் 484. வக்கீலுக்கு வழியில்லன்னா கோர்ட் வளாகத்துலயே இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா வக்கீல் கேட்கலாம், உள்ள இருக்கறவங்களுக்கு அது உரிமை, வருமானச் சான்று கூட வேண்டாம். ஜாமீன் தொகை கட்ட முடியாம கிடக்கற ஏழைக் கைதிக்கு மத்திய அரசு திட்டத்துல பண உதவி இருக்கு, அதுவும் மாவட்டக் கமிட்டி வழியாத்தான். எங்க தம்பி இருந்த பிளாக்குல ஒரு வடக்கத்தி பையன், பெயில் ஆகி ரெண்டு மாசமா ஜாமீன் நிக்க ஆள் இல்லாம இருந்தானாம். தம்பி சொன்னப்ப எங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

கணக்கு எழுதறவ நான், செலவ விட்டா எப்படி. வக்கீலுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட் மனுவுக்கு 8,000, செஷன்ஸுக்கு 15,000, ஜாமீன்தார் கொடுத்த அன்னிக்கு தனியா 3,000, டைப்பிங் காப்பி ஸ்டாம்ப் எல்லாம் சேர்த்து 1,150, ரெண்டு நாள் கார் 2,800, ஜெயிலுக்கு மனு போட்டு பார்க்கப் போன பஸ் செலவு நாலு தடவைக்கு 640, அந்த 500, பெரியப்பா மூணு நாள் கூலி 3,000, அத்தை ரெண்டு நாள் கடை போடாததுக்கு 1,600. பின்னாடி கண்டிஷன் தளர்த்த மனுவுக்கு 3,000. மொத்தம் 38,690. பெயில் தொகைன்னு ஒரு வரி போட்டு நேரா சைபர் எழுதி வெச்சேன். பெரியப்பா கூலிய வாங்கவே மாட்டேன்னுட்டார், பெரியம்மாகிட்ட கொடுத்தேன், அவங்க வாங்கிக்கிட்டாங்க.

கண்டிஷன் கையெழுத்தப் பத்தி யாரும் முன்னாடி சொல்றதில்ல. பத்தரைக்கு ஸ்டேஷன்ல நிக்கணும்னா வெளியூர் லோடு போக முடியாது, வண்டி டியூ மட்டும் மாசா மாசம் வரும். 28 நாள் ஒரு நாள் விடாம போட்டான், காய்ச்சலோட ஒரு நாள் நான் கூட்டிட்டு போனேன். விட்டா அந்த காரணத்துக்கே பெயில ரத்து பண்ணச் சொல்லி போலீஸ் மனு போடலாம். அப்புறம் தளர்வு மனு போட்டு திங்கக்கிழமை மட்டும்னு மாத்தினாங்க. கையெழுத்து போட்ட நோட்டை வந்த தேதியோட ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோன்னு சொல்லியிருந்தேன், ஸ்டேஷன்ல விடல, அதனால நானே தனியா ஒரு நோட்டுல தேதி எழுதி வெச்சேன்.

ஜாமீன் நிக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை, ஏன்னா எங்க சித்தப்பா பயந்ததுல பாதி நியாயமான பயம். ஆள் வாய்தாவுக்கு வராட்டி பிடிவாரண்ட் போகும், கூடவே உங்களுக்கு நோட்டீஸ் வரும், ஏன் இந்தத் தொகைய கட்டக்கூடாதுன்னு. நோட்டீஸ் வந்தா கண்டிப்பா போய் பதில் சொல்லணும், ஆள கொண்டுவந்து நிறுத்தினா பெரும்பாலும் தொகைய குறைக்கவோ தள்ளுபடி பண்ணவோ கேட்கலாம். கட்டாம வசூலும் பண்ண முடியாமப் போனா 6 மாசம் வரைக்கும் சிவில் சிறைன்னு பிஎன்எஸ்எஸ் 491ல இருக்கு. ஆள் சரியில்ல, இனி இவனுக்கு நிக்க முடியாதுன்னு தோணினா 489ன் கீழ விலகிக்க மனு போடலாம், கோர்ட் அவனை வரவழைச்சு வேற ஜாமீன் கேட்கும், கொடுக்காட்டி அவன் உள்ள. கையெழுத்து போட்டா ஆயுசுக்கும் மாட்டினோம்னு இல்ல.

கேஸ் இன்னும் நடக்குது. சார்ஜ்ஷீட் போட்டாச்சு, மாசத்துக்கு ஒரு வாய்தா, போய் நிக்கறது, அடுத்த தேதி வாங்கறது, திரும்பறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முந்தின ராத்திரி எட்டு மணிக்கு பெரியப்பா போன் வரும். தம்பிக்கு பண்ண மாட்டார், எனக்குத்தான்.

"நாளைக்கு போறான்ல?"

"போறான் பெரியப்பா."

"வண்டிய எடுத்துட்டு போவேணாம், பஸ்ல போகச் சொல்லு, வண்டி நடுவுல நின்னு போச்சுன்னா?"